குருசுமுத்து அத்தானின் ஓடாத ரயர்கள்

என் அக்கா எமிலியாவின் புருசர் குருசுமுத்துவைப் பற்றி டென்மார்க்கில் இந்த இக்காஸ்ட் ஊரில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் நல்ல மனுசன் என்றுதான் சொல்வார்கள். குடி இல்லை, சீட்டு இல்லை, ஞாயிறு பூசைக்குப் பிந்துவதில்லை. கட்டிய மனைவியை அவர் உரத்து ஒரு சொல் சொன்னதை நானும் கேட்டதில்லை. ஆனால் அவர் மேல் எனக்கு உள்ள கோபம் சாகும்வரை ஆறாது. கெட்டவன் ஒருத்தன் இதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றியிருப்பேன். நல்லவரை என்ன செய்வது?

மன்னாரிலிருந்து வந்த அத்தான் இங்கே ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவரிடம் ஒரு பழக்கம். எந்தச் சாமானும் புதிதாக இருக்கும்வரை அதைத் தொடக் கூடாது. சோபாவுக்கு மேல் பிளாஸ்ரிக் விரிப்பு. கலியாணத்துக்கு வந்த பீங்கான்கள் கண்ணாடி அலுமாரிக்குள். குடிப்பது விளிம்பு உடைந்த கோப்பையில். மகன் தாரகன் முதற்சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சென்ற் போத்தலை "நல்ல நாளுக்கு இருக்கட்டும்" என்று வைத்து, அது ஒரு நாளும் பூசப்படாமலே பாதிக்கு வற்றிப்போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே கூத்துத்தானே.

அக்காவுக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. ஜெர்மனியில் கெவலார் என்ற ஊரில் மாதா கோயில் இருக்கிறது. ஆவணியில் ஐரோப்பாவில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாம் அங்கே கூடுவார்கள். இங்கிருந்து பஸ் போகும். வழி முழுக்கக் குந்தியிருந்து போய், சனத்துக்குள் நெரிபட்டுப் பூசை கண்டு, அதே பஸ்ஸில் வீங்கின காலோடு திரும்புவது. ஒருமுறை அங்கே ஒல்லாந்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று கரவன் கொண்டுவந்து நிறுத்தியிருந்ததை அக்கா கண்டுவிட்டாள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே. அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்துவைத்துப் படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாளாம்.

"ஒருக்கா எண்டாலும் அப்பிடிப் போகோணும் விக்கி," என்றாள் என்னிடம். "அந்தரம் இல்லாமல், மாதாவிட்டை நாலு நாள் ஆறுதலா இருந்திட்டு வரோணும்."

அத்தான் வாங்கிக் கொடுத்தார். அதை நான் மறைக்க மாட்டேன். ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அப்பால் ஒரு டெனிஷ் கிழவரிடம் பழைய கரவன் ஒன்றை வாங்கி வந்தார். பழையது என்று பெயர்தான். அந்தக் கிழவரும் அதை அதிகம் வெளியே கொண்டுபோனவர் அல்ல. உள்ளே மெத்தையில் மடிப்புக் கலையவில்லை. கீழே சில்லுகளில் இருந்த இரண்டு ரயர்களிலும் றப்பர் மயிர்கூட உதிரவில்லை. சாவியைக் கொடுக்கும்போது கிழவர், "தூரப் பயணம் போவதென்றால் ரயர் இரண்டையும் மாற்றிவிட்டுப் போ. நின்று நின்றே பழசாகிவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்.

இதை அத்தான் பகிடியாகச் சொல்லித் திரிந்தார். வீட்டுக்கு வருபவர்களைக் கரவனடிக்குக் கூட்டிப்போய், குந்தியிருந்து ரயரைத் தடவிக் காட்டுவார். "பாருங்கோ, ரயர்ப் பூ ஒரு நூல் தேயேல்லை. இதை எறியட்டாம்! வெள்ளைக்காரன் நல்ல சாமானை எறிஞ்சு எறிஞ்சே பழகினவன்." வந்தவர்களும் நகத்தால் பள்ளத்தை அளந்து பார்த்து, "ஓம் அண்ணை, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பங்குத்தந்தை வந்து கரவனுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். கூரைக்கும் தெளித்தார், ரயருக்கும் தெளித்தார்.

அந்த வருசமே போயிருக்கலாம். போகவில்லை. "உள்ளுக்கை வெளிச்சத்துக்கும் தண்ணி இழுக்கிறதுக்கும் பற்றரி வேணும் எமிலி. சோலார் பூட்டிப்போட்டுப் போவம்" என்றார். பூட்டினார். கூரையில் ஒரு தகடு, கட்டிலுக்குக் கீழே பற்றரி, இடையில் மின்சாரத்தை அளந்து விடுகிற ஒரு சின்னப் பெட்டி. பற்றரியில் எத்தனை வீதம் நிற்கிறது என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். மனுசனுக்கு அதில் பிடித்தது பைத்தியம். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்ப்பாராம். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் பார்ப்பார். "வெறுமையா விட்டால் பற்றரி செத்துப்போம். எப்பவும் நிறைஞ்சு நிக்கோணும்" என்று எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார்.

பிறகு மழையில் நனையுதென்று கரவனுக்கு உறை போட யோசித்தார். உறை போட்டால் தகட்டில் வெயில் படாது. அக்கா இக்காஸ்ட் தையல் தொழிற்சாலையில், அது மூடும்வரை, மெசினில் இருந்தவள். தடித்த துணி வாங்கி, தன் கையாலேயே உறை தைத்தாள். கூரைத் தகடு இருக்கிற இடத்தில் அளவாக ஒரு சன்னல் வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தாள். அவ்வளவு அழகான தையல். "இந்த வருசம் போறதுக்குத்தானே" என்று நினைத்துத் தைத்திருக்கிறாள், விசரி.

அந்த வருசம் தாரகனுக்குச் சோதனை. அடுத்த வருசம் வீட்டுக் கூரை திருத்த வேண்டும். அதற்கடுத்த வருசம் ஓவர்ரைம் நல்லாக் கிடைக்கிறது, விட்டுவிட்டு எப்படிப் போவது? கொரோனா வந்தது, அது இரண்டு வருசத்தைத் தின்றது. அதற்குப் பிறகு, "பென்சன் எடுத்திட்டு நிம்மதியாப் போவம்." கொரோனா வருசங்கள் தவிர ஒவ்வோர் ஆவணியும் அக்கா பஸ்ஸில் போய் வந்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அவள் அழத் தெரியாதவள். நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "வைக்கற்பட்டடை நாய் மாதிரி அதுக்குக் காவல் இருக்காமல் மனுசியைக் கூட்டிக்கொண்டு போங்கோ அத்தான்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தார். "போறதுதானே பிள்ளை. அவசரப்பட்டு ஏன் பழுதாக்குவான்?" என்றார்.

பனி கொட்டின காலைகளில் அவர் முதலில் ஏணி வைத்து ஏறி, மெல்லிய தும்புத்தடியால் சோலார் தகட்டைத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் அக்கா வேலைக்குப் போகிற வழியை வெட்டிக் கொடுப்பார். தையல் தொழிற்சாலை மூடிய பிறகு அவள் பள்ளிக்கூடங்கள் கூட்டித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கடும் குளிரென்றால் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, கீழே கம்பளித் துணி விரித்து வைப்பார். ரயர்களையும் கவனிக்காமல் விட்டார் என்று சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை காற்று அடித்து, கறுத்த பொலிஷ் பூசி மினுக்குவார். கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தை அவர் அப்படி மினுக்கியதில்லை.

போன வருசம் மாசியில் அக்காவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பரிசோதித்த டொக்டர், இதயம் அடிக்கிற பலம் முப்பது வீதம் என்றார். நான் வைலேயில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அந்த இலக்கத்தின் கருத்து எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரிந்தது. வீதக் கணக்கு அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஆவணிக்கு வெளிக்கிடுறம். நீயும் வா" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

டொக்டரும், ஆறுதலாகப் போவதென்றால் போய் வாருங்கள் என்று சம்மதித்தார். கரவன் வாங்கிய பத்தாம் வருசத்து ஆவணியில் அவர்கள் வைலேயில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். புதுச் சீலை. மடியில் செபமாலை. கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்த கலியாணப் பீங்கானில் இரண்டு கோப்பையைத் துவாயால் சுற்றிக் கரவனுக்குள் வைத்திருக்கிறாளாம். "படியிலை இருந்து அதிலைதான் தேத்தண்ணி குடிக்கப் போறம். நீயும் நானும்" என்றாள். அத்தான் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "நூறு வீதம்!"

வைலே பாலம் தாண்டினோம். அக்கா கீழே கடலைப் பார்த்து, "மன்னார்க் கடல் மாதிரி இல்லை, என்ன?" என்றாள். நான் பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் பின்னால் வெடித்தது.

கரவனின் வலது ரயர். வெடித்த றப்பர் சுற்றிச் சுற்றி அடித்து அடித்தளத்தைக் கிழித்தது. கரவன் ஒரு பக்கம் சரிந்து, காரின் பின்பக்கத்தை இழுத்து இழுத்து ஆட்டியது. பக்கத்தில் ஒரு பெரிய லொறி ஹோர்ன் அடித்தபடி போனது. "மாதாவே, மாதாவே" என்று நான்தான் கத்தினேன். அக்கா சத்தமே போடவில்லை. அத்தான் எப்படியோ ஓரப் பாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

அம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றியது. நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னைத்தான் கூட ஏறச் சொன்னார்கள். அதற்குள் கரவனை இழுத்துப்போக வந்த டெனிஷ்காரர் குந்தியிருந்து, வெடிக்காத மற்ற ரயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பொலிஷ் போன இடமெல்லாம் ஒரே வெடிப்பு, கோடையில் குளத்தடி மண் வெடித்த மாதிரி. ரயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். எந்த வருசம், அதில் எத்தனையாம் கிழமை செய்தது என்ற கணக்கு அது. தாரகன் எட்டு வயதில் முதல் நன்மை வாங்கிய வருசம் அது. இன்றைக்கு அவன் கொப்பன்ஹேகனில் வேலை செய்கிற ஆம்பிளை.

"ஆனால் நாங்கள் இதை ஓடவே இல்லையே," என்று அத்தான் டெனிஷில் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு நாளும் ஓடவில்லை. பாருங்கள், பூ தேயவே இல்லை."

"கரவன் ரயர் ஓடித் தேய்ந்து முடிவதில்லை," என்றார் அந்த மனுசர். "வெயிலிலும் குளிரிலும் ஒரே இடத்தில் நின்று சாகும். பூ எவ்வளவு ஆழம் என்றாலும் ஆறாம் வருசத்திலிருந்து கவனம், பத்துக்கு மேல் ஓடவே கூடாது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

நான் அம்புலன்ஸில் ஏறிவிட்டேன்.

கோல்டிங் ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இனி நீண்ட பயணம் கிடையாது என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். காரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. தாரகன் ரயில் பிடித்து வந்தான். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அவன். தகப்பனைக் கட்டிப்பிடித்தான், பிறகு விட்டுவிட்டு, "பத்து வருசம், அப்பா" என்று டெனிஷில் சொன்னான். அத்தான் நடைபாதைக் கதிரையில் இருந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

போன ஞாயிறு அக்காவைப் பார்க்க இக்காஸ்டுக்குப் போனேன். கரவன் பழைய இடத்திலேயே நிற்கிறது. அடித்தளம் திருத்தி, புது ரயர் இரண்டும் போட்டாயிற்று. என்னைக் கண்டதும் அத்தான் ஓடி வந்து குந்தியிருந்து ரயரைத் தடவினார். "விக்கி, இந்த வருசத்து ரயர். நாலு இலக்கத்தையும் பாத்துத்தான் வாங்கினனான்."

"இனி ஆருக்கு அத்தான்?" என்றேன்.

அவர் தடவிய கையை எடுக்கவில்லை.

அக்கா குசினிச் சன்னலடியில் கதிரையில் இருந்தாள். இப்போது வீட்டுக்குள்ளேயே கதிரைக்குக் கதிரைதான் அவள் பயணம். அத்தான் உள்ளே வந்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்: "எமிலி, வாவன். கரவனுக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிப்பம். கதவைத் திறந்து விடுறன். படியிலை இருக்கலாம்."

"முத்தத்திலை இருக்கிறதுக்கு எனக்கு வீடு இருக்கு," என்றாள் அக்கா. குரலில் கோபமும் இல்லை.

அத்தான் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தார். பழக்கம். "பற்றரி நூறு வீதம் நிக்குது," என்றார்.

"என்ரை முப்பது," என்றாள் அக்கா. "அதை எப்ப எண்டாலும் பாத்தனீங்களா?"

வெளியே தூறத் தொடங்கியது. அத்தான் கைபேசியைப் பைக்குள் வைத்தார். பிறகு, மழை வருகுது என்று முணுமுணுத்துக்கொண்டு, அக்கா தைத்த உறையை இழுத்துப் போட முற்றத்துக்குப் போனார்.