கெலமங்கலத்துப் பசுவின் தூக்கம்

மருத்துவமனையில் நர்ஸாக நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் சில கைப்பட்டைகள் கொடுத்தார்கள். முள் இல்லாத கடிகாரம் மாதிரி, கறுப்பு ரப்பர் வாரோடு இருக்கும். கட்டியிருப்பவரின் அசைவை வைத்து எப்போது தூங்கினார், எப்போது விழித்தார் என்று பதிவு செய்யும். தொலைத்தால் என் தலைதான் உருளும்.

கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி உடனே சம்மதித்தாள். செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. பட்டையைக் கொடுத்தபோது, "குளிக்கையிலகூடக் கழட்டாதம்மா. சும்மா ஒரு இடத்துல வச்சிட்டா அம்புட்டும் வீணாப் போயிரும்" என்று என் மதுரைத் தமிழில் சொன்னேன். தலையாட்டினாள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டையை வாங்கி, பதிவை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் கட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பதிவைப் பார்த்தபோது திகைத்துப்போனேன். சேர்ந்தாற்போல் தூக்கமே இல்லை. பகலும் இரவுமாகத் துண்டு துண்டாகக் கண்ணயர்வு. நடுநடுவே மணிக்கணக்கில் ஒரே தாளத்தில் சின்ன அசைவு. என் நெறியாளர் சென்னையில் பேராசிரியர். வீடியோ அழைப்பில் வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஷிப்ட் வேலை ஒரு மனுஷ உடம்ப என்ன பண்ணுதுன்னு பாத்தியாம்மா? இத்தன வருஷத்துல நான் இப்படிப் பாத்ததே இல்ல. மாநாட்டுல போடுவோம்" என்றார். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு, கணவர் ஓட்ட, பைக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் பட்டை இல்லை.

"கம்பெனில வாட்ச்சு, வளையல் எதையும் உள்ள உடமாட்டாங்க மேடம். நீங்கதான் சும்மா வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களே. அதான் மாட்டுக் கழுத்துக் கவுத்துல கட்டி உட்டேன்."

"முதல்லருந்தேவா?"

"ஆமாங்க மேடம். அது ஒரு நிமிசம்கூட சும்மா இருக்காது."

அசைபோடும் தாளத்துக்காக நான் அழுதிருக்கிறேன். "சரி, மாடு எங்க?" என்றேன்.

"மாமா விடிகாலையிலயே டெம்போல ஏத்திட்டாருங்க. குந்தாரப்பள்ளி சந்தைக்கு."

பைக் பறந்தது. சந்தையில் அவள் மாமனார் டீக்கடையில் இருந்தார். மாட்டைத் தரகரிடம் விட்டாயிற்று, இனி அவர் சொல்வதுதான் என்று கையை விரித்தார். தரகரைச் சுற்றிக் கூட்டம். பசுவின் கழுத்தில் என் பட்டை. "கம்ப்யூட்டர் மாடு! பாலு எவ்ளோன்னு மிசினே கணக்குப் போடும்!" என்று அவர் கூவிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே நுழைந்து, "ஐயா, அந்த மாட்டோட தூக்கம் எனக்கு வேணும்" என்றேன்.

"தூக்கமா? நானூறு கிலோவுக்குக் கொறையாதும்மா" என்றார்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு சொல் எடையைக் குறிக்கும் என்று மதுரையில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "எடை இல்லைய்யா, தூக்கம். அது நல்லாத் தூங்குச்சான்னு அதுக்குள்ளதான் இருக்கு" என்று மறுபடி சொன்னேன். தரகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பேச வேண்டிய ஆள் என் கணவர்தான் என்று முடிவு செய்து, அவர் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். விலை பேசும் முறை அது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு. தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டும் என் கணவர் மரியாதைக்குக் கைகுலுக்குகிறார்கள் என்று நினைத்து, ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்தார். தரகர் முகம் மலர்ந்தது.

"ஏங்க, கைய எடுங்க! மாட்ட வாங்கிட்டீங்க!" என்று கத்தினேன்.

கூட்டத்தில் சிரிப்பு. யார் என்ன என்று விசாரித்தார்கள். நர்ஸ் என்று சொன்னதுதான் தாமதம், வாங்க வந்திருந்த விவசாயி என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரியிலருந்து வந்து பாக்கறாங்களா? அப்ப நீங்களே சொல்லுங்கம்மா, மாட்டுக்கு ஏதாச்சும் கோளாறு இருக்குதா?"

இருபது வருடமாக மனிதர்களுக்கு ஊசி போட்டவள் நான். என்ன செய்வதென்று தெரியாமல் பசுவின் நெற்றியில் கை வைத்தேன். அது அசைபோடுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தது. அதன் இரவு பகல் முழுக்க எனக்குத் தெரியும். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒழுங்காத் தூங்கி எந்திரிக்குது" என்றேன். பொய் இல்லை. விவசாயி வாங்கிக்கொண்டார். தரகர் பட்டையை அவிழ்த்து என் கையில் வைத்து, அடுத்த சந்தைக்கும் வரச் சொன்னார்.

நெறியாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில், "மத்தவங்க யாரும் மாட்டுக்குக் கட்டலையேம்மா?" என்று கேட்டார்.

வீடு வீடாகப் போய் விசாரித்தேன். மாடு இல்லை. ஆனால் ஒரு பட்டை ஒருத்தியின் மாமியார் கையில் இருந்தது. இன்னொன்று தொட்டில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரில் பேசிக் கேட்கும் ஆய்வாக மாற்றிக்கொண்டோம்.

அந்தப் பெண்ணிடம், "நெசமா நீ எப்பம்மா தூங்குற?" என்று கேட்டேன்.

"கம்பெனி பஸ்லதான் மேடம்" என்றாள்.

அனுமதி வாங்கி, ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்த கையோடு அவர்கள் பஸ்ஸில் ஏறினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டேன். பிறகு வீட்டில் போட்டுக் கேட்டபோது அதில் என் கேள்வியும் பஸ் சத்தமும் இருந்தன. அவள் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு குறட்டைகள். ஒன்று என்னுடையது என்று கணவர் உறுதியாகச் சொன்னார்.