இருநூற்றுப் பன்னிரண்டு

டார்வின் நகரத்தில் மழை இறங்குவதற்கு முந்தைய இரண்டு மாதம் மனுஷனுக்கு மூளை ஒழுங்காக வேலை செய்யாது. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஏ.சி. மாட்டுகிறவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். பந்தெலிஸுக்கு மட்டும் அதுவே வினையாக வந்து முடிந்தது.

ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ஏ.சி. வேலை. கலிம்னோஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த கிரேக்கக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை. பிடிவாதத்துக்குப் பெயர் போனவர். செம்புக் குழாயை இணைத்ததும் நைட்ரஜனை அடைத்து ஒரு மணி நேரம் விடுவார். மீட்டர் முள் மயிரிழை இறங்கினாலும் மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுவார். பிறகு பம்பை மாட்டிக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். அதற்கென்று இருக்கும் இன்னொரு மீட்டரில் எண் ஐந்நூறுக்குக் கீழே இறங்க வேண்டும், பம்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். அந்த ஈரக்காற்றில் அதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயில் கலந்து, இரண்டு கோடையில் கம்ப்ரசரைத் தின்றுவிடும்.

கூட வேலை பார்க்கும் டேமியனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வெளியே இருக்கும் பெட்டியின் வால்வைக் கொஞ்சம் திறந்து, அதிலிருக்கும் கேஸாலேயே குழாயை ஒரு ஊது ஊதிவிட்டு மூடிவிடுவான். கேஸைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். ஆனால் நாளைக்கு நாலு வீடு முடிப்பான். பந்தெலிஸ் இரண்டு முடித்தால் அதிகம்.

கம்பெனியை வாங்கிய புது முதலாளி பிரோடி, அதற்கு முன் வீட்டுத் தரகராக இருந்தவன். வந்ததும் ஒரு விதி போட்டான்: வேலை முடிந்ததும் மீட்டர் எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நல்ல விதிதான். பந்தெலிஸ்தான் எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டார், பைத்தியக்காரர். அவர் அனுப்பிய படங்களில் 486, 470, 495 என்று இருக்கும். மற்றவர்கள் அனுப்பியதில் எப்போதும் 212. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல வேலை என்பது பிரோடியின் கணக்கு. ஒரு மாதத்தில், வேகமும் இல்லை, தரமும் இல்லை என்று அவருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வயதில் வேறு எவனும் அவரை வேலைக்கு எடுக்கப் போவதில்லை, அது அவருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை கம்பெனி ஷெட்டில் கூட்டம். பிரோடி டி.வி.யில் ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றான். 212. மீட்டரின் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல், அதன்மேல் மஞ்சள் பசை. பந்தெலிஸ் டி.வி.க்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன், காற்று காய்ந்து கிடக்கும் ஜூலையில், சாப்பாட்டு நேரம் முழுக்க பம்பை ஓடவிட்டு அவர் எடுத்த படம் அது. பெருமை தாங்காமல் டேமியனுக்கு அனுப்பியிருந்தார். அது ஊர் சுற்றி, இன்று எல்லார் போனிலும் இருந்தது.

"அது என் மீட்டர்," என்றார்.

டேமியன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். பிரோடி முட்டாள் இல்லை. படத்தைப் பார்த்தான், டேமியனைப் பார்த்தான், எல்லாம் புரிந்துகொண்டான். பிறகு பந்தெலிஸ் பக்கம் திரும்பினான்.

"அப்ப உங்களுக்கு 212 எடுக்கத் தெரியும். தெரிஞ்சும் எதுக்கு 486 அனுப்பிட்டு இருக்கீங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜூலைக் காற்று வேறு, நவம்பர் காற்று வேறு என்று பந்தெலிஸ் சொல்லிப் பார்த்தார். நம் பொறுப்பு ஒரு வருஷம்தான், அதற்கப்புறம் மெஷின் செத்தால் நமக்கென்ன என்றான் பிரோடி. "இன்னைக்கு நாலு வீடு. முடியலைன்னா வேன் சாவியை மேஜைமேல வச்சிட்டுப் போயிடுங்க."

வெளியே வந்ததும் டேமியன் அவர் தோளில் தட்டினான். "கோவிச்சுக்காத பெருசு. நீ எடுத்த படம்தான், நீயும் எடுத்துக்கோ."

முதல் மூன்று வீட்டிலும் வெறும் பழுது வேலைதான், சீக்கிரம் முடிந்தது. நாலாவது வீடு பாமர்ஸ்டனில், மாரிவிக் என்ற பிலிப்பினோ நர்ஸின் வீடு. மாம்பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். "பாத்து மாட்டுங்கண்ணே. போன மெஷினும் உங்க கம்பெனிதான் மாட்டுச்சு. ரெண்டே வருஷத்துல போயிடுச்சு. கடன் வாங்கித்தான் இதை வாங்கினேன்."

பந்தெலிஸ் தலையாட்டினார். பம்பை மாட்டினார். பத்து நிமிஷம் கழித்து மீட்டர் 3,800 காட்டியது. மணி நாலரை; வேலை நேரம் முடிய அரை மணிதான் பாக்கி. பந்தெலிஸ் பம்பைக் கழற்றி கேஸைத் திறந்துவிட்டார்.

குளிர்ந்த காற்று வந்தது. மாரிவிக் அதற்கு நேரே நின்று கண்ணை மூடிக்கொண்டு, நல்லா இருப்பீங்க என்றாள். பந்தெலிஸ் வேனுக்குப் போய்ப் பழைய 212 படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் பிரோடியிடமிருந்து பதில்: "பாத்தீங்களா, உங்களாலயும் முடியுது."

அதைப் படித்தபோது பந்தெலிஸுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.