நூருன்னிசா எழுதிய வரி

நூருன்னிசா 1988 அரவைப் பருவத்தில் தினமும் பாகூரில் பஸ் ஏறி, கரியமாணிக்கம் பக்கமிருந்த சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அப்துல் ஹலீமின் மூத்த மகள் அவள். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தாள். ஆலையில் அவளுக்குக் கிடைத்ததோ, கரும்பு போடும் விவசாயிகளின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் தட்டும் வேலை.

அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஆலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் ஒரு புரோகிராம் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் இருக்கும் எடை மேடையில் வண்டி ஏறியதும் எடையை வாங்கிச் சீட்டு அடிப்பது அதுதான். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் பேட்டரியில் தாக்குப்பிடித்துவிடும். எடை மேடையோடு தொடர்பு அறுந்து அந்தப் புரோகிராம் மட்டும் செத்துவிடும். அதை மறுபடி கிளப்பப் பிரிவு அதிகாரி தனகோட்டி வர வேண்டும். பாஸ்வேர்டை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அவர் சாப்பிடப் போயிருந்தால், பாண்டிச்சேரிக்குப் போயிருந்தால், அவர் திரும்பி வரும்வரை வண்டிகள் வெயிலில் நிற்கும். வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடை குறைந்துகொண்டே போகும்.

ஒருநாள் மடுகரையிலிருந்து வந்த மாரிமுத்து என்ற விவசாயி ஜன்னலருகே வந்து நின்றார். "காத்தாலேர்ந்து நிக்கறேம்மா. உள்ள அப்படி இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தன.

பத்து நாள் பஸ்ஸிலும் படித்தாள். கம்ப்யூட்டரில் முதலில் எழும் ஒரு புரோகிராம் மற்றவற்றைக் கவனித்துக்கொள்கிறது, எவை எப்போதும் ஓட வேண்டும் என்று அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒரு வரி எழுதிவிட்டால் செத்ததை அதுவே மறுபடி கிளப்பிவிடும் என்று புரிந்துகொண்டாள். ஆள் வரவே வேண்டாம்.

தனகோட்டியிடம் சொன்னாள். டைப் அடிக்க வந்தவள் டைப் அடித்தால் போதும் என்றார் அவர். அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரைத் தாண்டி நேரே மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வண்டிக்காரர்களின் புகார் கேட்டுச் சலித்துப்போயிருந்த மேனேஜர், பீரோவில் அரக்கு வைத்து மூடியிருந்த பாஸ்வேர்டு கவரைப் பிரித்துக் கொடுத்தார்.

வாரவிடுமுறை நாளில், எடை மேடை சும்மா இருந்தபோது, அவள் அந்த வரியை எழுதினாள். புரோகிராம் எழுந்தது, செத்தது, எழுந்தது, செத்தது. கடைசியில், இது அளவுக்கு மீறி வேகமாக எழுந்து விழுகிறது, இனிக் கொஞ்ச நேரம் தொடமாட்டேன் என்று கம்ப்யூட்டரே எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பின்னால் கைகட்டி நின்ற தனகோட்டிக்குச் சிரிப்பு வந்தது.

"அழிச்சிட்டு, தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ" என்றார்.

"அழிக்க மாட்டேன் சார். அது ஏன் சாவுதுன்னு பாக்காம எழுந்திருக்கவும் மாட்டேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. பிறகுதான் பிடிபட்டது. தனகோட்டி உள்ளே நுழைந்து கிளப்பும்போது, அவர் பெயரோடு சேர்ந்தே கோப்புகள் இருக்கும் இடமும் புரோகிராமுக்குத் தெரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் தானாகக் கிளப்பும்போது அதைச் சொல்ல ஆளில்லை. இந்த இடத்துக்குப் போ, பத்து நொடி பொறு, பிறகு கிளம்பு என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி, பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரைப் போட்டாள். இந்த முறை எழுந்தது விழவில்லை.

மறுநாள் மேனேஜர் முன்னால் அவளே அந்தப் புரோகிராமைக் கொன்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள். பத்து நொடி கழித்து அது தானே எழுந்தது. நான்கு முறை கொன்றாள், நான்கு முறையும் எழுந்தது. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே தனகோட்டியிடமிருந்து மெமோ வந்தது: மேலதிகாரியை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தராவிட்டால் வேறு பிரிவுக்கு மாற்றல். பக்கத்து மேஜை இன்பமேரி, ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிடு என்று கெஞ்சினாள். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நூருன்னிசா ஒரு வரிதான் எழுதினாள். 'நான் செய்தது சரி, அது ஓடிக்கொண்டிருக்கிறது.'

அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாக்கும் கிரீஸும் எண்ணும் வேலை. மேனேஜரும் தடுக்கவில்லை, பிரிவு அதிகாரியைப் பகைத்துக்கொள்ள அவருக்கும் மனமில்லை. முதல் நாள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் யாரும் பார்க்கும்படி அவள் அழவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை எத்தனையோ முறை கரண்ட் போய் வந்தது. சீட்டுக்காக ஒரு வண்டியும் காத்து நிற்கவில்லை.

அடுத்த பருவம் தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியல் போடும் புரோகிராமும் ஏறியது. அதையும் அப்படியே ஓட வைக்க வேண்டும் என்று தனகோட்டியே ஸ்டோர் வாசலுக்கு வந்தார். கொஞ்சம் வந்து பார்க்கும்படி கேட்டார். அவள் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"வரேன் சார். மெமோவ திரும்ப வாங்கிக்கினு ஆர்டர் குடுங்க. டைப்பிஸ்டுன்னு போடாதீங்க, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்னு போடுங்க."

மூன்று நாள் கழித்து ஆர்டர் வந்தது. அதை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஸ்டோரை விட்டு எழுந்தாள்.