மூன்று ஓம் கேட்ட படகு

காலை பத்து இருபதுக்கு என் மகளுக்கு முட்டு இழுத்து மூச்சுத் திணறத் தொடங்கியது. நெடுந்தீவில் இருந்து பயணிகள் படகு போய்விட்டிருந்தது. சோளகக் காற்றில் சின்ன வள்ளங்கள் இறங்கவில்லை. தீவு ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்தும் குறையாததால், உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கொண்டுபோகப் படகு இருந்தது. வெளிநாடுகளில் வாழும் எங்களூர்ப் பெருமக்களின் சங்கம் கொடுத்த நோயாளர் படகு. சங்கத்துக்கு லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என மூன்று கிளைகள். ஒன்றை ஒன்று நம்பாது. திருவிழாவில் எந்தக் கிளையின் பதாகை முன்னால் என்று அடிபடுகிறவர்கள், படகுக்கும் அதே நியாயத்தை வைத்தார்கள். எஞ்சின் பெட்டிக்கு ஒரு மின்பூட்டு. ஒவ்வொரு கிளையும் தன் நாட்டில், செயலாளர் வீட்டுக் கணினி ஒன்றில் அனுமதி தரும் சேவையை ஓடவிட்டது. மூன்றும் சம்மதித்து ஓம் என்றால்தான் பூட்டுத் திறக்கும். அவற்றைக் கூப்பிடும் வேலை, பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் என்னுடையது. இறங்குதுறை அறையில் இருக்கும் மடிக்கணினியின் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், அது கடல் தாண்டிப் போய் மூன்று வாசலிலும் கேட்டு வரும். திறப்பு விழாவில் ஆளுக்காள் மாலை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பூட்டுக்குக் கையில் பிடிக்கிற ஒரு திறப்பைத் தர ஒருவருக்கும் தோன்றவில்லை.

தட்டினேன். லண்டன் ஓம். பாரிஸ் ஓம். ரொறன்ரோவிடம் இருந்து பதிலே இல்லை. திரும்பத் தட்டினேன். வாங்குப் பலகையில் இருந்த மகள் தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை எடுத்தாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

ரொறன்ரோக் கிளைச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாங்கள் குடும்பமாச் சுற்றுலா வந்திருக்கிறம், ரீச்சர். வீட்டு மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு வந்தனான். ஆள் இல்லாத வீட்டில கறண்ட் ஏன்?"

"மற்ற ரெண்டு ஓமும் காணாதோ?"

"அவங்களை நம்பேலாமத்தானே மூண்டாவதை வைச்சது!"

தொலைபேசியை வைத்துவிட்டு, அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன். எஞ்சினடியில் நின்ற படகோட்டி பின்வாங்கினார்.

"நான் கை வைச்சா என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள், ரீச்சர்."

"அப்ப தள்ளி நில்லும். பூட்டு விழுந்தாப் பிறகு எஞ்சினைப் போடும்."

மூன்று நாடுகளின் கௌரவம் நாலு இடியில் கழன்று விழுந்தது. அக்கரையில் அம்புலன்ஸ் நின்றது. மகள் பிழைத்தாள். இன்றைக்கும் அவள் இருமினால் நான் செய்கிற வேலையை விட்டு எழும்பிவிடுகிறேன்.

திருவிழாவுக்கு ரொறன்ரோச் செயலாளர் ஊருக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். கேற்றைத் திறந்துவிட்டவள் என் மகள். அவளைத் தாண்டி வந்து கதிரையில் அமர்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்கட ஓம் இல்லாமலே படகு போயிட்டுதாம். லண்டன்காரர் சிரிக்கிறாங்கள், ரீச்சர்."