இருவரும் முடித்த பிறகே அடுத்த தட்டு

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருத்தர் வம்புக்கும் போக மாட்டார். குறை ஒன்றே ஒன்றுதான், அவர் சாப்பிடுகிற லட்சணம். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், டைம்கீப்பர் விசில் ஊதுவதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்து பழகியவர். அது வேலை, போகட்டும். வீட்டில் யார் விசில் ஊதுகிறார்கள்? இங்கேயும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் சாப்பாடு. அவருக்குப் பரிமாறிவிட்டு என் தட்டோடு நான் உட்காருவதற்குள் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஐயா கை கழுவியாயிற்று!

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பொடிசுகள் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வாய் தொண்டையில் இறங்கும்வரை நகராமல் இருப்பதுதான் என் உத்தியோகம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் துணையிருக்கிறவளுக்கு வீட்டில் துணையில்லை. தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளத் தோன்றாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. இனி மூன்று வேளையும் வீட்டில்தான். மூன்று வேளையும் அந்தக் குழாய்ச் சத்தமா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வேளையாவது நான் முடிக்கும்வரை இந்த மனிதரை எதிரில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு பெரிய உணவகத்தில் மேஜை பிடித்து, பணமும் கட்டிவிட்டாள். வாசலில் மாட்டியிருந்த விலைப்பலகையைப் பார்த்ததும் இவர் பிரேக் போட்டு நின்றார்.

“ஏம்மா, இந்தக் காசுக்கு என் வண்டிக்கு டயரே மாத்தலாமே!”

“டயரைத் திங்க முடியாது. உள்ள வாங்க.”

உள்ளே செருப்புச் சத்தம்கூடக் கேட்காத கம்பளம். முதல் தட்டு வந்தது. தட்டு என்னவோ தாம்பாளம் மாதிரிதான். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி! பரிமாறுகிற நரைமீசைக்காரர் அது என்ன, எப்படிச் செய்தது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே இவர் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டு எழுந்துவிட்டார்.

“கை கழுவுற இடம் எங்கீங்க?”

“உட்காருங்க சார். இன்னும் ஏழு தட்டு வரணும்.”

“அப்ப சட்டுனு கொண்டாங்க.”

“ரெண்டு பேரும் முடிச்ச பிறகுதான் சார் அடுத்தது வரும். இங்க வழக்கம் அப்படி.”

அடடா, காதில் தேன் பாய்ந்தது! அந்த மகராசன் நல்லா இருக்கட்டும். விசில் என் கைக்கு வந்துவிட்டது.

என் தட்டில் இருந்ததைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து மென்றேன். இவர் என் தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி என் தட்டைப் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“சிக்னல் விழல டிரைவர் சார். பொறுங்க.”

மேஜைக்குக் கீழே அவர் கால் ஆக்ஸிலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு வயது வாண்டுகளையே உட்காரவைக்கிறவளுக்கு இவர் எம்மாத்திரம்? இரண்டாம் தட்டும் அப்படியே போனது, மூன்றாவதும். நாலாவது தட்டு வருவதற்குள் பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் மனிதர் என்னையே பார்க்க ஆரம்பித்தார்.

“நீ ஏன் ஒரு பக்கமாவே மெல்லுற?”

“அந்தப் பக்கம் கடவாய்ப் பல்லு இல்ல.”

“எப்ப போச்சு?”

“புடுங்கி மூணு வருஷம் ஆச்சு.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொன்னேனே. சாப்பிடுறப்பதான் சொன்னேன். நீங்க கை கழுவப் போயிட்டீங்க.”

கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தேன். சொன்ன பிறகு அது கிண்டலாக இல்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அடுத்த தட்டு வந்தும் அவர் தொடவில்லை.

“ரொம்ப வலிச்சுதா?”

“உயிரே போச்சு. ஒரு வாரம் முகம் வீங்கிக் கிடந்தேன்.”

“அந்த வாரமா! நீ உம்முனு இருக்கேன்னு நெனச்சு நான் ஒதுங்கிப் போயிட்டேன்.”

“வீங்கின மூஞ்சிக்கும் கோவத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?”

“உன் மூஞ்சில ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

கம்பளம் விரித்த அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! எட்டுத் தட்டும் தின்று பசியோடு வெளியே வந்தோம். மகளிடம் பிரமாதம் என்று சொன்னோம், பொய்யில்லை.

மறுநாள் காலை வீட்டில் வழக்கம்போல அவர் தட்டு நொடியில் காலி. தொட்டில் பழக்கம் ஒரே ராத்திரியில் போய்விடுமா? நான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டு குழாய்ச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனிதர் எதிரில்தான் இருந்தார், எச்சில் கை காய்ந்துபோய்.

“கை கழுவலையா?”

“நீ முடிச்சாத்தானே அடுத்தது வரும்?”

“இங்க அடுத்தது ஒண்ணும் கிடையாது.”

“தெரியும். நீ சாப்பிடு.”

நான் எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.