சொரிமுத்துவின் காது

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், தையல் கடை மாடியில் பாட்டுப் பதிவு செய்து கொடுத்துவந்த சொரிமுத்துவுக்கு அடுத்தவர் காதின் மீது துளியும் மரியாதை கிடையாது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். யாராவது மலிவான கேசட்டை நீட்டினால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுப்பார்.

"இதுல பதிஞ்சா பாட்டு வராதுவே. மழை பேயுத சத்தம்தான் வரும். கொண்டுபோயி பிள்ளையளுக்கு வெளையாடக் குடும்."

தொண்ணூற்று நான்கில், குவைத்திலிருந்து திரும்பிய திசையன்விளைக்காரர் ஒருவரிடம் சிடி பிளேயர் வாங்கியதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. எல்லோரும் சிடியைக் கேசட்டில் பதியச் சொல்வது வாக்மேனில் கேட்கத்தான் என்பது அவருக்கு எரிச்சல். இலை போட்டுப் பரிமாறிய விருந்தை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டுபோய்ப் பஸ்ஸில் வைத்துத் தின்கிற ஜனம் என்பார். அப்படிப் போகிற பாட்டுக்குக் கொஞ்சமாவது உயிர் இருக்கட்டும் என்று, கீச்சொலிகளைத் தூக்கிக் காட்டுகிற ட்ரெபிள் குமிழை முக்கால்வாசி திருகி வைத்துப் பதிவார். அதுதான் தன் கைப்பக்குவம் என்று அவருக்கு நினைப்பு.

தேன்மொழி கோர்ட்டில் டைப்பிஸ்ட். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். துபாயிலிருந்த அண்ணன் ஒரு வாக்மேனும் இரண்டு வயலின் சிடிகளும் அனுப்பியிருந்தான். சிடியைப் போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. சொரிமுத்துவிடம் கொடுத்து ஒன்றைக் கேசட்டில் பதிந்து வாங்கிப் போனவள், மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் தாண்டுததுக்குள்ள தலை வலிக்குது. காதுல ஊசி குத்துத மாதிரி இருக்கு. உள்ள ஒரு கீச்சுச் சத்தம் வேற, விடாம வருது."

"பஸ் பிரேக்கா இருக்கும்."

"வீட்லயும் கேட்டுப் பாத்துட்டேன்."

சொரிமுத்து கேசட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வயலின் நெய்யாக இறங்கியது. ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"ஒரு கீச்சும் இல்ல. நாள் பூரா டைப் மிஷின்கிட்ட உக்காந்திருக்கீய. அதுதான் காதுல கெடந்து அடிக்கும்."

அவள் கோபப்படவில்லை. டேப் டெக்கின் மேல், சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்த டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

"இதுதான் அண்ணாச்சி. சத்தத்தக் கொறைச்சாலும் இந்தப் பெட்டி போடுத கீச்சுதான், டெக்குமேலயே இருக்கதால கேசட்டுலயும் ஏறியிருக்கு."

இந்த மாதிரிப் பொய்யைச் சொரிமுத்து சும்மா விடுகிறவர் இல்லை. அவளை வெளியே படிக்கட்டில் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். டிவியை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். சுவிட்ச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாளோ என்று, இடையிடையே பக்கத்துச் சுவிட்சையும் சும்மா தட்டினார்.

"இப்ப?"

"ஓடுது."

"இப்ப?"

"இல்ல."

ஒன்பது தடவை கேட்டார். ஒன்பதும் சரியாக இருந்தது. சத்தம் கேட்டுக் கீழேயிருந்து தையல்காரர் முகம்மது இப்ராஹிம் மேலே வந்தார். முப்பது வயதுக்காரர்.

"இந்த டிவியில கீச்சுச் சத்தம் கேக்குதாவே?" என்றார் சொரிமுத்து.

"ஆமா அண்ணாச்சி. பாதிப் படி ஏறும்போதே கேக்குமே."

"பெறவு ஏன் இத்தன நாளும் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

சொரிமுத்து டிவியை அணைத்தார். தேன்மொழியிடம் கேசட்டோடு சிடியையும் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு பதிந்து தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

கடை போடுவதற்கு முன் பதினைந்து வருஷம் அவர் மைக் செட் தொழில் செய்தவர். எந்த ஊரில் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா என்றாலும் கூம்புக் குழாய்களை மரத்தில் கட்டிவிட்டு, அதன் அடியிலேயே துண்டை விரித்துப் படுப்பார். அந்த இரைச்சலில் தூங்குகிறவன் தான் ஒருவன்தான் என்று பெருமையடித்துக்கொள்வார். பைத்தியக்காரப் பெருமை. காது அப்போதே பாதி போயிருக்கிறது; கீச்சொலி கேட்காததால்தான் எத்தனை ட்ரெபிள் வைத்தாலும் அவருக்குப் போதவில்லை. போனது தெரியாமல் ஊரையே செவிடு என்று ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலை சீக்கிரமே வீட்டுக்குப் போய், கடையிலிருந்து எடுத்துவந்த ஒரு வாக்மேனில் அந்தக் கேசட்டைப் போட்டு, மனைவி இசக்கியம்மாவிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவள் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை, பிடுங்கி வைத்துவிட்டாள்.

"நீங்க பதியுதது எப்பவும் இப்படித்தான் இருக்கு. மின்ன ஒருக்கா சொன்னதுக்கு, சட்டி கழுவுத காதுக்கு வயலின் எப்படிப் பிடிக்கும்னு கேட்டீயள்லா."

கேட்டது அவருக்கும் நினைவிருந்தது. மறுநாளிலிருந்து அவளைக் கடைக்குக் கூட்டிப் போனார். டிவி கீழே தையல் கடைக்குப் போயிற்று. இசக்கியம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குமிழைத் திருகுவது மட்டும்தான் அவர் வேலை.

"கொறைங்க. இன்னும் கொறைங்க. பைய, பைய. அங்கன நிக்கட்டும்."

குமிழ் நடுவில் வந்து நின்றது. உப்பில்லாத கஞ்சிபோல இருந்தது அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே பதிந்தார்.

புதுப் பதிவை வாங்கிப் போன தேன்மொழி ஒரு வாரம் கழித்து இரண்டாவது சிடியோடு வந்தாள். "வீடு போயிச் சேருத வரைக்கும் கேட்டேன், நல்லா இருந்தது அண்ணாச்சி" என்றாள்.

"அவ பதிஞ்சது" என்று மனைவி பக்கம் தாடையைக் காட்டிவிட்டு அவர் டெக்கைத் துடைத்தார்.

அதன் பிறகு கடையில் கூட்டம் கூடியது. அதற்காக அவர் யாரையும் மதிக்கத் தொடங்கிவிடவில்லை. வாக்மேனை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் இன்னமும் முகம் சுளிப்பார். ஆனால் எந்தப் பாட்டு எப்படிப் பதிந்தால் எடுபடும் என்று யாராவது கேட்டால், "எங்கிட்ட என்னத்தக் கேக்கீரு. எங்காது தகரம். அங்கன கேளும்" என்று இசக்கியம்மாவைக் காட்டிவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார்.