பச்சைப் பெயின்ட் அடித்த தூண்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கட்டடத்துக்கு மாலை போட்டார்கள். ஆமாம், கட்டடத்துக்கு. இரத்தோட்டைக்குக் கீழே, எங்கள் கடைவீதி முனையில் இருக்கிற தபால் கந்தோருக்கு.

கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்பக்கம் பலாமரத் தூண். தேயிலைக்கு முன்னே மலையெல்லாம் கோப்பி பயிரிட்ட காலத்தில் கட்டியதாம். இவ்வளவு பழைய கட்டடத்தைப் பேணிக் காக்க வேண்டாமா என்று ஊர்ப் பெரியவர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கமிட்டி என்றால் உள்ளே மூளையும் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

சுவரைக் கழுவினார்கள். ஓடு மாற்றினார்கள். கடைசியில், தூணுக்குப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்தார்கள்.

அந்தத் தூண் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் வந்தால் அது முதலில் தோட்டத்தை நடத்துகிற துரையின் கந்தோருக்குப் போகும். அங்கே பையைப் பிரிப்பார்கள். யார் யாரோ படித்துச் சிரித்த பிறகுதான் உரியவர் கைக்கு வரும். அதனால் விவரம் தெரிந்த தொழிலாளிகள் எங்கள் ஊர்த் தபால் கந்தோர் விலாசத்தையே கொடுத்து வைத்தார்கள். வந்திருப்பது எப்படித் தெரியும்? கந்தோர்ப் பியோன் மீரான் நானா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தூணில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குறி செதுக்கியிருந்தது — ஒன்றுக்குச் சூலம், ஒன்றுக்குப் பிறை, ஒன்றுக்கு மூங்கில் இலை. கடிதம் வந்தால் அந்தக் குறிக்குக் கீழே வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டு வைப்பார். கடைக்கு இறங்குகிற யாராவது ரோட்டில் இருந்தே பார்த்துவிட்டு, மேலே போய்த் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் சொல்லிவிடுவார்கள். கடிதத்தை வாங்கியவர் சுண்ணாம்பைக் கையால் துடைத்துவிட்டுப் போவார். துடைத்துத் துடைத்தே அந்தத் தூண் எண்ணெய் பூசினது போல மினுங்கும்.

அந்தக் கட்டடத்தில் காப்பாற்ற வேண்டிய பழமை ஒன்று உண்டென்றால் அதுதான். அதைத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள்.

விழாவில் கிளாக்கர் ஐயா பேசிக்கொண்டிருந்தார். இந்தச் சுவர் பேசும் என்றார். கருங்கல்லுக்கு உயிர் உண்டு என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மருதாயி அக்காவை மீரான் நானா பார்த்துவிட்டார். மூங்கில் இலைக் குறி போட்ட தோட்டத்து மேல் லயத்துக்காரி அவள். உள்ளே ஓடிப் போய் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"எங்க போனீங்க இவ்வளவு நாளா? காயிதம் வந்து கெடக்குதே."

அக்காவுக்கு எழுத்து தெரியாது. என்னிடம் நீட்டினாள். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி எழுதியிருந்தாள். புருஷனோடு இந்தியாவுக்கே திரும்பிப் போகிறாளாம், இனி வரமாட்டாளாம். ரயில் புதன்கிழமை பேராதனை ஸ்டேஷனில் நிற்குமாம். "வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ அக்கா. அங்கிட்டு எந்த ஊர்ல இருக்கப் போறோம்னு நேர்ல சொல்றேன்."

படித்துக்கொண்டிருந்தவன் புதன்கிழமை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தப் புதன் போய் நான்கு நாள் ஆகிவிட்டது; நாங்கள் நின்றது ஞாயிற்றுக்கிழமை.

"படி தம்பி," என்றாள்.

படித்தேன். கேட்டுவிட்டுத் தூணைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைய ரெண்டு தரம் அனுப்பினேன். தூணுல ஒண்ணுமே இல்லன்னுச்சு. இனி அவதான் எழுதணும். எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?"

மீரான் நானா பக்கத்தில் வந்து காரணம் சொன்னார். தூணில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். கந்தோருக்கு வருகிறவர்களிடம் வாயால் சொல்லலாம் என்று காத்திருந்தாராம். யார் வந்தார்கள்? ரோட்டில் இருந்தே பார்த்தார்கள், குறி இல்லை, திரும்பிப் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே போய்க் கிளாக்கர் ஐயா முன்னால் நின்றேன். வாயில் கேலிதான் வந்தது.

"ஐயா, சுவர் பேசும்னீங்களே. தூண் பேசிக்கிட்டு இருந்துச்சே, அத ஏன் ஊமையாக்கினீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். மருதாயி அக்காவையும் காட்டினேன். அவர் கழுத்து மாலையைச் சரி செய்துகொண்டார்.

"கண்ட கண்ட கூலியெல்லாம் சுண்ணாம்பு தேய்ச்சு அசிங்கம் பண்ணி வச்சிருந்தாங்க. இப்பத்தான்டா பாக்க லட்சணமா இருக்கு."

பார்க்க! யார் பார்க்க? மாத்தளையில் இருந்து காரில் வந்து, ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு போகிற துரைமார் பார்க்க. அந்தக் கட்டடத்தை இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துப் பிழைத்தவர்கள் வெறும் அழுக்கு. கல்லுக்கு உயிர் உண்டு என்று கைதட்டு வாங்கியவருக்கு, பக்கத்தில் நின்றவளின் உயிர் தெரியவில்லை. வீடு முழுக்கப் பூட்டுப் போட்டுவிட்டு, வாசலுக்குக் கோலம் போட்ட கதை.

மருதாயி அக்கா சண்டை போடவில்லை. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மலை ஏறிவிட்டாள். தங்கச்சி கடல் தாண்டியிருப்பாள். எந்த ஊரோ, எந்தத் தெருவோ.

பிறகு மீரான் நானாவும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். தோட்டத்துக்கு ஏறுகிற எல்லாரும் கிளாக்கர் ஐயா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ரோட்டைப் பார்த்த மாதிரி நல்ல அகலமான தேக்குக் கதவு. குறிகளை நேற்று ராத்திரி அந்தக் கதவில் செதுக்கி முடித்துவிட்டேன்... சுண்ணாம்பும் என் மடியிலேயே இருக்கிறது.